தென்திசைச் சேதிக்கு ஒரு நற்சான்று

குமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை, எவரையும் வாசலில் நிறுத்தாத ஒரே செய்தித் தளம் 'தென்திசைச் சேதி டாட் காம்'. இந்த உண்மையை அதன் நாவலூர் அலுவலகத்தில், மூன்றாம் மாடிச் சுவரில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். லிஃப்ட் இரண்டாம் மாடி வரைதான்.

2009இல் ஒரு வியாழக்கிழமை, செம்பாக்கத்து அஜீசா அந்த மாடிக்கு ஏறி வந்தாள். பார்வை கிடையாது; பி.ஏ. உண்டு. வீட்டில் எழுத்து தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும், அவள் கேட்டுக்கொள்வாள். தளத்துக்கு ஆறு புகார்க் கடிதங்கள் எழுதியிருந்தாள். அவற்றைத் தளம் எவ்வளவு மதித்தது என்றால், பதில் என்று ஒன்றைப் போட்டுச் சிறுமைப்படுத்தவில்லை. தில்லியில் 'அனைவருக்கும் செய்தி' என்றொரு விருதை அறிவித்தார்கள். மறுநாளே தளம் அவளைக் கூப்பிட்டுவிட்டது.

புகார் எளிமையானது. தளத்தின் எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் கட்டிவிடும். கண்ணுக்குத் தமிழ். கம்ப்யூட்டர் குரலோ வேடத்தைப் பார்க்காது. உள்ளே இருப்பதைத்தான் சொல்லும்.

"காட்டுங்கம்மா," என்றார் தலைமை நிர்வாகி ராஜகோபால்.

அஜீசா அன்று காலையில் வந்த செய்தி ஒன்றைத் திறந்தாள். குரல் ஓதியது: "ஜே, ஹெச், கே, செமிகோலன், ஜி, யு, கே, செமிகோலன்."

"இது இன்னான்னு சொல்லுங்க சார்."

"ஏதாவது பாஸ்வேர்டா?"

"தாம்பரம்."

தொழில்நுட்பத் தலைவர் ஆஸ்டின் எழுந்தே நின்றுவிட்டார். "சார், அப்ப நம்ம சைட்டு பார்வையில்லாதவங்களுக்கு ஆல்ரெடி வேலை செய்யுது."

"சைட்டு எங்க செய்யுது? நான் செய்யறேன்," என்றாள் அஜீசா. "ஆறு மாசம் ஒக்காந்து ஒவ்வொரு எழுத்தா மனப்பாடம் பண்ணேன். எழுத்துருவ மாத்துனீங்கன்னா மெஷினே தமிழ்ல படிச்சிடும்."

"மாத்தினா பழைய வாசகர்களுக்கு பேஜாராயிடும்மா. உங்களுக்கு வந்தது மத்தவங்களுக்கு வராதா? ஆஸ்டின், பயிற்சி முகாம்னு எழுதிக்கோ," என்றார் ராஜகோபால்.

ஆஸ்டின் எழுதி, அடிக்கோடும் போட்டார்.

"சார், முகாம் கிடக்கட்டும்," என்றாள் அஜீசா. "இது தாம்பரத்துல ஒரு ஆபீஸ்ல ஆள் எடுக்கற சேதி. பார்வையில்லாதவங்களுக்கு ஒரு இடம் இருக்கு. சர்டிபிகேட்லாம் பையிலயே வெச்சிருக்கேன். கடைசித் தேதி எந்த வரியில கீதுன்னு தெரியல. யாராவது பாத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்லவே கூடாது," என்று ஆஸ்டின் பதறினார். "உதவி பண்ணா டெஸ்ட் செல்லாது. விருதுக்கு அனுப்ப வீடியோ ஓடிட்டிருக்கு."

அப்போது மணி மூன்று. அறையில், அவளுக்குப் பேர் சொல்லி வணக்கம் வைத்த பதினொரு பேர். அத்தனை பேரும் திரையில் கடைசித் தேதியைப் படித்துவிட்டு, தொழில் தர்மம் காத்து வாயை மூடிக்கொண்டார்கள்.

குரல் ஓத, அஜீசா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். முதலில் அமைச்சரின் உரை வந்தது. பிறகு உரையைப் பாராட்டியவர்கள், பாராட்டியவர்களுக்கு நன்றி சொன்னவர்கள். ஒரு செமிகோலன் தவறினால் வரியை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நாலே கால் மணிக்குக் கடைசி வரி வந்து சேர்ந்தது: 'இன்று மாலை ஐந்து மணிக்குள் நேரில்.'

நாவலூரிலிருந்து தாம்பரத்துக்கு, பஸ் மாறிப் போனால் ஒன்றரை மணி நேரம்.

கைதட்டல் அடங்கவே இல்லை. "ஒரு வார்த்தை விடல பாருங்க," என்று ராஜகோபால் கண்களைத் துடைத்துக்கொண்டார். "விருதுக் குழுவுக்கு உங்க கையால ஒரு நற்சான்று குடுங்கம்மா. பிரெயில்லயே இருக்கட்டும். பாக்கவே கெத்தா இருக்கும்."

அஜீசா பையிலிருந்து பிரெயில் பலகையையும் ஊசியையும் எடுத்தாள். காகிதம் கிழிந்துவிடும் போல ஓங்கி ஓங்கிக் குத்தினாள்:

'இந்தத் தளத்தை நான் படித்து முடிப்பதற்குள் வேலைக்கு நேரம் முடிந்தது. முன்பே படித்துவிட்ட பதினொரு பேர் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அஜீசா, பி.ஏ.'

ராஜகோபால் காகிதத்தை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். "எவ்வளவு உணர்ச்சியோட எழுதியிருக்காங்க," என்றார்.

விருது கிடைத்தது. நற்சான்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மூன்றாம் மாடியில் மாட்டினார்கள். பார்ப்பவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் விரலை வைத்தால் வழவழவென்று கண்ணாடிதான் தட்டுப்படும். தளத்தின் தரத்துக்கு இதைவிடத் துல்லியமான சான்று வேறில்லை.