எட்டுக் கைகளும் என் முகமும்

டோக்கியோ,
ஷோவா 33 (1958), பிப்ரவரி 20

மாட்சிமை பொருந்திய வாரப் பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

பிளம் மரங்கள் மொட்டு விட்டிருக்கும் இந்நாளில் தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சளி, இருமல் அண்டாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் அப்படி இல்லை.

முப்பது வருஷமாகப் பொதுக் குளியலகம் நடத்தி வருகிறேன். தங்கள் பத்திரிகையில் படக்கதை வரையும் ஹனிஷி என் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். அவருடைய கதாநாயகன் தாகோசபுரோவை ஊரே அறியும்: குளியலகம் நடத்தும் ஆக்டோபஸ்; எட்டுக் கைகளையும் வீசி வாடிக்கையாளர்களை அதட்டும். அந்த வழுக்கை, அந்தப் புருவம், கோபம் வந்தால் குவியும் அந்த வாய் எல்லாமே என்னுடையவை. "ஏம்ப்பா, இது நான்தானே?" என்று கேட்டேன். பேனாவைக்கூடக் கீழே வைக்காமல், "சேச்சே, உங்களுக்கு ரெண்டு கைதானே ஐயா?" என்கிறார்.

அன்றிலிருந்து வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைக் கண்டாலே வாயைக் குவிக்கிறார்கள். மீன் கடைக்காரி ஆக்டோபஸ் துண்டைத் தாளில் சுற்றிக்கொண்டே, "சொந்தக்காரங்களையே சாப்பிடுறீங்களே முதலாளி, மனசு கேக்குதா?" என்கிறாள். பொறுத்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மினெகோவைப் பெண் பார்க்க, நோதாவிலிருந்து சோயா சாஸ் வியாபாரி ஓகிட்சு குடும்பத்தோடு வந்தார். பையன் தங்கம். நான் குனிந்து வணங்கி நிமிர்ந்தேன், ஓகிட்சு என் தலையைப் பார்த்தார், அவர் வாயிலிருந்த தேநீர் முழுக்க என் மேல், என் மனைவி துணி எடுக்க ஓட, எனக்குக் கோபத்தில் வாய் தானாகக் குவிய, "ஐயோ, அதேதான், அதேதான்!" என்று அந்த மனுஷன் பாயில் புரண்டு சிரிக்கிறார், பையன் தலைகுனிகிறான், மினெகோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு நாளாச்சு, எங்கிட்ட ஒரு பேச்சு பேசல. நோதாவுலேருந்தும் தகவல் இல்ல. ஒரு ஆக்டோபஸால இவ கல்யாணம் நின்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு தெருவுல நடப்பேன்? இருக்கறதே ஒரு மூஞ்சி, அதையும் நீங்க அச்சடிச்சு வித்துட்டீங்க!

ஆகவே அடுத்த இதழிலேயே தாகோசபுரோவைக் கொன்றுவிடுமாறு பணிவுடன் கோருகிறேன். முறை தங்கள் விருப்பம். கொதிக்கும் எண்ணெய் என்றாலும் எனக்குச் சம்மதமே.

தங்கள் பத்திரிகை நீடூழி வாழ்க.

வணக்கத்துடன்,
ஷிபாஸாகி தோகுஜி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஓகிட்சு நேரிலேயே வந்துவிட்டார். போரில் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த அவர் மனைவி, பதிமூன்று வருஷம் கழித்து, அன்று ஊர் திரும்பும் ரயிலில்தான் வாய்விட்டுச் சிரித்தாராம். "பொண்ணைக் குடுங்க சம்பந்தி. நீங்களும் அடிக்கடி வந்து போங்க" என்கிறார். மினெகோ பேசிவிட்டாள். மே மாதம் கல்யாணம். தாகோசபுரோ மேல் யாரும் கை வைக்க வேண்டாம். அந்த வாரம் மட்டும் அவனுக்குப் பட்டு அங்கி உடுத்தி வரையும்படி ஹனிஷியிடம் சொல்லுங்கள். அந்த அம்மா பார்ப்பார்.