கோட்டில் உட்காராத என் புள்ளி

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்கா செல்லாத்தாள் அவர்களுக்கு, சிங்காநல்லூரிலிருந்து தம்பி பாலுசாமி எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே காங்கேயத்தில் நீங்கள் சுகமா, மச்சானின் முழங்கால் அவரை மாடிப்படி ஏற விடுகிறதா என்று அறிய ஆவல். போனில் கேட்டால் ஆகாதா என்பீர்கள். நான் கத்தினால்தான் உங்கள் காதில் விழும். கத்தினால் என் மகன் சரவணன் காதிலும் விழும். அவனுக்குத் தெரியாமல் கேட்க வேண்டிய விஷயம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான் அக்கா. எனக்கு உண்மையில் எத்தனை வயது? சிரிக்காதீர்கள். இதற்குச் சரியான பதில் கிடைத்தால்தான் என் மொபெட் சாவி திரும்ப என் கைக்கு வரும்.

எங்கள் தெருமுனை நடுநிலைப் பள்ளியில் அன்புக்கரசி என்று ஒரு டீச்சர் இருக்கிறார். ஏழாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் அவர்தான். தனித்தனியாக நடத்தினால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வருகிறதென்று, இந்த வருடம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, மனிதனுக்கு எப்படி வயதாகிறது என்று ஒரே பாடமாக நடத்துகிறார். செடியைப் பற்றிப் படிக்கச் செடி வேண்டும், வயதாவதைப் பற்றிப் படிக்க வயதானவர்கள் வேண்டுமே. தெருத்தெருவாக அலைந்து அறுபது தாண்டிய இருபத்திரண்டு பேரைப் பிடித்தார்கள், பிள்ளைக்கு ஒருவர் என்று. நான் முப்பத்தைந்து வருடம் மில்லில் ஃபிட்டராக இருந்து எத்தனையோ மெஷினை அளந்தவன், என்னை ஒருவர் அளக்கப்போவது இதுதான் முதல் தடவை என்று கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. சவரம் செய்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

என்னை அளக்க வந்தவள் ஹர்ஷிணி என்று ஒரு குட்டிப் பெண். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டு, மடிப்பு படிய எத்தனை விநாடி என்று பார்த்தாள். எனக்கு நாலு விநாடி. அவள் கையை நான் கிள்ளிப் பார்த்தேன், விரலை எடுப்பதற்குள் படிந்துவிட்டது. பேப்பர் எவ்வளவு தூரத்தில் தெரிகிறது, ஒற்றைக்காலில் எத்தனை நேரம் நிற்க முடிகிறது என்றெல்லாம் எழுதிக்கொண்டாள். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு ஒரு ஸ்கேலை எடுத்தாள். அவள் மேலே பிடித்துக்கொண்டு விட்டுவிடுவாள், கீழே விரலை விரித்து வைத்திருக்கும் நான் பிடிக்க வேண்டும். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தேன் என்பதை வைத்து, கண்ணில் பட்டது விரலுக்கு எட்ட எத்தனை நேரம் ஆகிறதென்று கணக்குப் போடுவார்களாம்.

நல்ல குடும்பத்துப் பெண், மரியாதை தெரிந்தவள். "வுடறேனுங்க தாத்தா" என்றாள். "சரீங்க அம்மணி" என்றேன். ஸ்கேல் என் கால் பெருவிரலில் கிடந்தது. "இன்னொருக்கா வுடறேனுங்க" என்றாள். "வுடு கண்ணு" என்றேன். மறுபடியும் பெருவிரல். மூன்றாம் தடவையும் அதேதான். முப்பது சென்டிமீட்டரும் கைக்குச் சிக்காமல் ஓடிவிட்டது அக்கா. அந்தக் குழந்தை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதினாள்.

அதை அவர்கள் நோட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு என்ன வந்தது? பள்ளிக் கண்காட்சியில் பெரிய கிராப்பாகப் போட்டு மாட்டிவிட்டார்கள். கீழே வயது, பக்கவாட்டில் ஸ்கேல் ஓடிய தூரம். வயது கூடக்கூட புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாக மேலே ஏறுகின்றன, நடுவே ஒரு கோடு. இருபத்தொரு புள்ளிகள் அந்தக் கோட்டை ஒட்டியே இருக்க, என்னுடையது மட்டும் உச்சியில் தனியாக நிற்கிறது. கிராப் போட்டவன் அதே வகுப்புப் பையன் அஃபான். அந்தப் புள்ளியால் சராசரி கெடுகிறது, அழித்துவிடலாம் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறான். ஹர்ஷிணி விடவில்லை. "தாத்தா நெசமா வந்தாருல்லீங்க டீச்சர், அவர எப்படி அழிக்கறது?" என்றாளாம். டீச்சர், "புள்ளி ஒட்டலைன்னா அழிக்கப்படாது கண்ணு. அளந்தது சரியான்னு மொதல்ல பாக்கோணும்" என்று சொல்லிவிட்டார். புள்ளி தப்பித்தது. நான் மாட்டிக்கொண்டேன்.

ஏனென்றால் கண்காட்சிக்குச் சரவணனும் வந்திருந்தான். கிராப்பின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். வீட்டுக்கு வந்ததும், "அப்பா, இனி வண்டி வேண்டாமுங்க. எங்க போகோணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறனுங்க" என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் கூட்டிப்போவான்தான், நல்ல பையன். ஆனால் குளக்கரைக்கு நடக்கப் போகவும், மில் சிநேகிதர்களோடு டீ குடிக்கவும், ஒரு கட்டு கீரை வாங்கவும் அவனுக்கு எப்போது நேரம் ஒழியும் என்று பார்த்துக்கொண்டு நான் வாசலில் நிற்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. வண்டி போனதற்காக அல்ல, கேட்டு நிற்க வேண்டி வந்துவிட்டதே என்று.

அளந்தது சரியா என்று பார்க்கப் புறப்பட்டவர்கள் முதலில் என் வயதைப் பிடித்தார்கள். ஆதாரில் பிறந்த நாள் ஜூன் ஒன்று. பார்த்தால் இருபத்திரண்டு பேரில் பதின்மூன்று பேருக்கு ஜூன் ஒன்று. "அன்னைக்கு ஊர்ல ஏதாச்சும் விசேஷமுங்களா தாத்தா?" என்று கேட்டான் அஃபான். அந்தக் காலத்தில் தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது, ஹெட்மாஸ்டர் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொள்வார் என்று விளக்கினேன். டீச்சர் விடுவாரா? ஒன்றாம் வகுப்பில் முப்பத்தொரு குழந்தைகளை வரிசையாக நிறுத்திக் காதைத் தொடச் சொன்னார். நாலே முக்கால் வயதில் தொட்டதும் உண்டு, ஆறரை வயதில் எட்டாததும் உண்டு. ஆகவே காதை நம்பி எழுதிய வயதில் முன்னே பின்னே பிழை இருக்கும் என்று போர்டில் எழுதிப்போட்டார்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது என்று நான் சொல்லிவந்தது இப்படி ஆகிவிட்டது.

என்னைக் கைப்பிடித்துப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனவர் நீங்கள்தானே. காட்டு வேலையெல்லாம் முடியட்டும் என்று அப்பா என்னை ரொம்ப நாள் சேர்க்காமலே வைத்திருந்தார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எட்டு வயதுப் பையனுக்கு ஐந்து என்று எழுதியிருந்தால் எனக்கு இப்போது எழுபத்தொன்று. புள்ளி கோட்டுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் போகும், வயதுக்கு ஏற்ற வேகம்தான் என்று சரவணனிடம் சொல்லிச் சாவியைக் கேட்கலாம். கோட்டிலேயே உட்கார எண்பத்தாறு வேண்டுமாம், அஃபான் கணக்குப் போட்டான். அத்தனை வேண்டாம், நான் உங்களுக்கே அண்ணன் ஆகிவிடுவேன். நம் தோட்டத்துக் கிணறு வெட்டிய வருடம் எனக்குத் தெரியும், அதற்கு முன்னால் பிறந்தேனா பின்னால் பிறந்தேனா என்று மட்டும் எழுதுங்கள். இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது, நான் பிறந்த நாளைப் பார்த்தவர்களில் இனி நீங்கள் ஒருவர்தான் மிச்சம். இத்தனை வருடம் கேட்கத் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

மச்சானுக்கு என் வணக்கங்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எனக்கு உங்கள் ஆசீர்வாதமும், முடிந்தால் ஒரு மூன்று வயதும் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு, உங்கள் பாசமுள்ள தம்பி,
பாலுசாமி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் நாலு நாள் ஆகிவிட்டது. அதற்குள் மேலே எழுதியது ஒன்றும் உதவாமல் போய்விட்டது.

டீச்சர் மறுபடியும் அளக்கக் கூப்பிட்டார். அஃபான் செல்போனில் படம் எடுத்தான். மெதுவாக ஓட்டிப் பார்த்ததும் குற்றவாளி அகப்பட்டார். ஸ்கேல் விழுகிற நேரத்தில் நான் ஹர்ஷிணியின் முகத்தைப் பார்த்து "சரீங்க அம்மணி" சொல்லிக்கொண்டிருக்கிறேன். மற்ற பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் விட்டார்களாம். இவள் ஒருத்திதான் சொல்லிவிட்டு விட்டவள். "மரியாதையாச் சொன்னது தப்புங்களா டீச்சர்?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். "மரியாதை தப்பில்ல கண்ணு. ஆனா எல்லாத்தையும் ஒரே மாதிரி அளக்கோணும்" என்றார் டீச்சர். வாயை மூடிக்கொண்டு பிடித்தேன். இருபத்து மூன்று சென்டிமீட்டர். அறுபத்தெட்டு வயதுக்கு அச்சாகக் கோட்டின் மேல் உட்கார்ந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று மாலையே சரவணன் சாவியைக் கொடுத்துவிட்டான்.

நேற்றுக் காலை குளக்கரைக்கு வண்டியை எடுத்தேன். திருப்பத்தில் இளநீர்க்காரர் தள்ளுவண்டியோடு குறுக்கே வந்தார். நன்றாகப் பார்த்தேன் அக்கா, நான் யாரோடும் பேசவும் இல்லை. பிரேக்கைப் பிடிக்கத்தான் நேரமாகிவிட்டது. தள்ளுவண்டியில் மோதி நின்றேன், இரண்டு காய் உருண்டது, வேறொன்றும் இல்லை. "பாத்து வாங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ரோட்டில் குறுக்கே வருகிறவர்கள் யாரும் "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வருவதில்லை. வண்டியை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்து, சாவியை நானே சரவணன் அலமாரியில் வைத்துவிட்டேன். ஏன் என்று அவனுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஆகவே வயதைப் பற்றிப் பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரில் பஸ் ஏறி நானே வாரேன், நேரிலேயே சொல்லுங்கள், எத்தனையானாலும் சரி. டீச்சரிடம் கேட்டு ஸ்கேலையும் கொண்டுவருகிறேன். உங்களுக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்று ஹர்ஷிணி சொல்லி அனுப்பியிருக்கிறாள். சொல்லாமல்தான் விடுவேன், மரியாதை இல்லாதவன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.