நெற்றியில் பூசிய பெற்றோல்

ஊழியத்தின் முதல் வருடத்தில் எந்தப் போதகருக்கும் கடவுள்மேல் இருப்பதைவிடத் தன்மேல் விசுவாசம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். எனக்கு மிகவும் கூடுதலாக இருந்தது.

2007இல் நான் மல்லாவியில் ஒரு சின்னச் சபைக்குப் போதகர். யுத்தத்தில் வன்னிக்கு வரும் பாதையைப் பூட்டி, பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலம். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓட்டுவோம். அது இலேசில் கிளம்பாது. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைக்க வேண்டும். அதற்காக ஒரு மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்தேன். நோயாளிகளுக்குப் பூசி ஜெபிக்கிற தேங்காயெண்ணெயும் அதே மாதிரி மருந்துப் போத்தலில். இரண்டும் ஒரே பையில். (புத்திசாலி.)

கமலா அக்கா எங்கள் சபை. அவருடைய கணவர் தங்கராசா அண்ணை மெக்கானிக். சபைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். நாரிப்பிடிப்பு என்று பத்து நாளாக இடுப்பை அசைக்க முடியாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

"எழும்பினால் சபைக்கு வாறன் எண்டு சொல்லுறார் பாஸ்ரர். எப்பிடியும் எழுப்பிவிடுங்கோ," என்று அக்கா அழுதா.

சபைக்கு நான் சேர்க்கப்போகிற முதல் ஆத்துமா. விடுவேனா? கண்ணை இறுக்கி மூடி, போத்தலைத் திறந்து, உள்ளங்கை நிறைய ஊற்றி அவருடைய நெற்றியிலும் நாரியிலும் தேய்த்தேன். என் சட்டையும் வேதாகமமும் எப்போதும் மண்ணெண்ணெய் நாறும். மூக்கு எப்போதோ வேலையை விட்டிருந்தது.

"குளிருது," என்றார் அண்ணை.

"அது கர்த்தரின்ர கை," என்றேன். (சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

அவர் மூக்கை உறிஞ்சினார். இன்னொரு முறை உறிஞ்சினார். பிறகு எழும்பி உட்கார்ந்தார். அக்கா ஸ்தோத்திரம் என்று கத்தியதில் அயல் முழுக்க ஓடிவந்தது. எங்களுடையது மெழுகுதிரி கொளுத்துகிற சபை இல்லை. அதற்காக இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்து, மற்றப் போத்தலிலிருந்து நாலு சொட்டு விட்டு உதைத்தேன். செருப்பு அறுந்தது, சைக்கிள் அசையவில்லை. தங்கராசா அண்ணை நாரியைப் பிடித்துக்கொண்டு வந்து காபரேற்றரைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார்.

"பாஸ்ரர், இதுக்குள்ள தேங்காயெண்ணெய். பெற்றோல் என்ர நெத்தியில," என்றார் மெதுவாக.

"அக்காவுக்குச் சொல்லாதேங்கோ அண்ணை."

"நான் சொல்லமாட்டன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்ன சொல்லுறீங்கள் எண்டு பாக்க வாறன்."

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ஐந்து நோயாளிகள். தங்கராசா அண்ணைக்குப் பூசிய அதே எண்ணெய்தான் வேண்டுமாம். அவர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார். பொய் சொன்னால் சபை எனக்கு, உண்மை சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பட்டது. வெட்கத்தில் அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "எவ்வளவு பெற்றோல்?"

"அரைப் போத்தல்."

சபை முழுவதும் ஒரே குரலில் முனகியது. நான் மறைத்ததை அன்றைக்கே மன்னித்தார்கள். அரைப் போத்தல் பெற்றோலை மன்னிக்க மாதக்கணக்கானது. தங்கராசா அண்ணை மட்டும் சிரித்தார். "இனி வாறன்," என்றார்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்த நெளுக்குளத்தில் இப்போது அவர் எங்கள் சபை மூப்பர். நோயாளி வீடுகளுக்கு என்னோடு வருவார். நான் போத்தலைத் திறந்ததும் கையிலிருந்து வாங்கி, கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டு, "ஓம், பூசுங்கோ" என்பார். புதிதாக வருகிறவர்கள் அதையும் ஆராதனை முறை என்றே நினைக்கிறார்கள். எங்களோடு ஒருமுறை வந்த இளம் போதகர் ஒருவர், இப்போது தன் சபையிலும் போத்தலை மோப்பதற்கென்று ஒரு மூப்பரை நியமித்திருக்கிறாராம்.