சைகைக்கார அம்மாளும் எங்கள் வீட்டுப் பூதமும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். தங்கச்சியும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இருந்தால்தான் நான் கேட்கப்போவதற்குப் பதில் சொல்ல முடியும்.

காது கேளாத என் மகளை நூலகத்துச் சனிக்கிழமைக் கதை வகுப்பில் சேர்க்கச் சொன்னது நீங்கள். இந்த மாதத்தோடு நிறுத்தப்போகிறேன். அங்கே நூலகர் பல நாட்டுப் பூதக்கதைகளைப் படிக்க, பக்கத்தில் ஒரு அம்மாள் நின்று சைகை மொழியில் சொல்கிறார். இருபது வருஷமாகப் பூட்டு விற்கிறவன் நான். இரண்டு பேருக்கு நடுவே நின்று பேசுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கண் வைத்திருப்பேன். நூலகர் "பூதம் வந்தது" என்று இரண்டே சொல் படித்தார். இந்த அம்மாள் கன்னத்தை உப்பி, தோளைத் தூக்கி, விரலெல்லாம் நகமாக்கி அரை நிமிஷம் ஆடினார். கேட்டதுக்கு மேலே சரக்கை யாராவது சும்மா தருவாங்களா? பூதங்கள் மேலும் எனக்குச் சந்தேகம்தான். ஆற்றுப் பூதம், பனிமலைப் பூதம், ஒற்றைக்கண் பூதம் என்று ஊர் ஊராக இருக்கிறது, ஆனால் எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையைத்தான் தின்கிறது. எங்கேயோ மொத்தமாகப் பேசிவைத்திருக்கிறார்கள்.

சோதித்துப் பார்த்தேன். "என் குடையை எடுத்துட்டு வரச் சொல்லுங்கம்மா" என்றேன். கை இரண்டு அசைந்தது, பிள்ளை குடையோடு வந்து நின்றாள். அதே குடையை நான் வீட்டில் தொண்டை கிழியக் கத்திக் கேட்டால் துடைப்பம் வரும். முன்னேற்பாடு இல்லாமல் இது நடக்குமா, சொல்லுங்கள்.

போன வாரம் உச்சம். 'உங்க வீட்டுப் பூதம்' என்று பயிற்சி. என் மகள் எழுந்து வயிற்றைத் தள்ளினாள், இல்லாத மீசையை முறுக்கினாள், வாயைப் பிளந்தாள். பிறகு அவள் கையால் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் அதைச் சத்தமாகச் சொல்கிறார்: "எங்க வீட்டுப் பூதம் யாரையும் தின்னாது. வாயை மட்டும் திறந்து திறந்து மூடும். எங்கிட்ட என்னமோ கேக்கும், என்னன்னு எனக்குத் தெரியாது. அப்புறம் சலிச்சுப்போய்க் கடைக்குப் போயிடும்."

வந்திருந்த பெற்றோர் எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

"ஏம்மா, இது பிள்ளை சொன்னதா, நீங்களா சேர்த்ததா?"

"ஒரு சொல் சேர்க்கலைங்க. வேணும்னா அவகிட்டயே கேளுங்க."

கேளுங்களாம்! எட்டு வருஷமாக என் வீட்டில் வளர்கிறவளிடம் என்னால் கேட்க முடியாது என்று தெரிந்துகொண்டே சொல்கிறார், மாப்பிள்ளை. வீட்டுக்காரியைக் கேட்கலாம் என்றால், அவள் சைகை படித்ததே அந்த அம்மாளிடம், ஒரே கட்சி.

ஆகவே நிறுத்துகிறேன். தங்கச்சியைத் தூது அனுப்ப வேண்டாம். உங்கள் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
சந்தேகம் தீராத உங்கள் மைத்துனன்.

பி.கு.: இதை எழுதி ஒரு மாதம் ஆகிறது, தபாலில் போடவில்லை. மகளையும் நிறுத்தவில்லை. பெரியவர்களுக்கான சைகை வகுப்பில் நானும் சேர்ந்திருக்கிறேன், அந்த அம்மாளைக் கண்காணிக்க மட்டும்தான். இன்று காலை மகளிடம் "அந்தப் பூதம் நானா?" என்று கையாலேயே கேட்டேன். சிரித்தாள், நீளமாக என்னவோ சொன்னாள். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த அம்மாளுக்குப் படம்பிடித்து அனுப்பினால் நொடியில் சொல்லிவிடுவார். அனுப்பவில்லை. "இன்னொரு தடவை, மெதுவா" என்று மகளையே கேட்டேன். நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடை இன்னும் திறக்கவில்லை.