குடும்பம் எண்ணுகிற பேராசிரியர்

செடியைத் தொடாமலே செடி ஆராய்ச்சி செய்கிற ஓர் இனம் உண்டு. மாகாணத்துக்கு ஒரு வேளாண் பல்கலைக்கழகம் இருக்கும்வரை இந்த இனத்துக்கு அழிவில்லை. குடும்பம் எண்ணுகிறவர் என்று இவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். மனிதக் குடும்பத்தை அல்ல. தன் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். இவர் எண்ணுவது செடிக்குள் இருக்கும் புரதக் குடும்பங்களை. மற்ற மரபணுக்களைத் தட்டி எழுப்பவும் தூங்க வைக்கவும் செய்கிற புரதங்கள் அவை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்தது இரண்டாகி, இரண்டு நாலாகி, பிள்ளைகள் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டன. ஒன்று குளிரைச் சமாளிக்கும், ஒன்று பூவை மலர்த்தும், ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும். எது எந்த வேலை பார்க்கிறது என்பது ஆயுளையே விழுங்கக்கூடிய கேள்வி. நம்மவர் அந்தப் பக்கமே போகமாட்டார். “எத்தனை?” என்பார். அதோடு சரி.

ஷான்ஷி மாகாணத்துப் பேராசிரியர் கோங் ஷாவ்தே இந்த இனத்தின் கொழுத்த மாதிரி. எங்கோ யாரோ ஐந்து வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒரு செடியின் முழு மரபணு வரிசையைப் படித்து, உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்தால், மறுநாள் காலை, மூடிபோட்ட கண்ணாடிக் குவளையில் தேயிலை இன்னும் அடியில் இறங்காத நேரத்தில், கோங் அதைத் தன் கணினிக்கு இறக்கிக்கொண்டிருப்பார். பிறகு ஒரு குடும்பத்தைத் தேடுவார். எண்பத்து மூன்று உறுப்பினர்கள் கிடைப்பார்கள். ஒன்றிலிருந்து எண்பத்து மூன்று வரை இலக்கம் போடுவார். அவற்றை வட்டமான வம்ச மரமாக வரைந்து ஏழு வண்ணம் பூசுவார். அந்த வண்ணத்தில் எது ஊதா, எது கருநீலம் என்று அரை மணி நேரம் விவாதம் நடக்கும்; ஆய்வகத்தில் நடக்கும் ஒரே விஞ்ஞான விவாதம் அதுதான். முடிவில், “இக்குடும்பம் உறைபனியைத் தாங்குவதில் பங்கு வகிக்கக்கூடும், இவ்வாய்வு எதிர்கால ஆய்வுகளுக்கு அடித்தளமாக அமையும்” என்று எழுதுவார். நாக்கை மரத்துப்போக வைக்கிற காரக் காய் தரும் முள்மிளகு மரத்துக்கு மட்டும் பதினோரு அடித்தளம் போட்டிருக்கிறார். இதுவரை யாராவது ஒரு சுவர் எழுப்பினார்களா? அது அவர் வேலை இல்லையே!

இப்படிப்பட்டவரிடம்தான் மியாவ் ருயின் முனைவர் பட்டத்துக்கு வந்து மாட்டிக்கொண்டாள். மஞ்சள் ஆற்றங்கரையின் படிக்கட்டுத் தோட்டங்களில், ஏப்ரல் மாதம் வெயில் வந்துவிட்டதென்று நம்பி முள்மிளகு மரங்கள் பூக்கும். உடனே பின்பனி திரும்பி வந்து அத்தனையையும் ஒரே விடியலில் கருக்கிவிட்டுப் போகும். தாங் அத்தை என்கிற விவசாயியின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்தின் பூ மட்டும் கருகவில்லை. ஏன் என்று ருயின் மூன்று வசந்தமாகத் தேடினாள். முள் கிழித்த கையோடு பூ பறித்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் அந்த மரத்தில் மட்டும் பனி விழுவதற்கு முன்பே விழித்துக்கொள்கிற ஒரு மரபணுவைப் பிடித்தாள். அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

கோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒண்ணா?”

“ஆமா சார், ஒண்ணு.”

“மூணு வருஷத்துல ஒண்ணா? என் பழைய ஸ்டூடன்ட் ஒருத்தன் மூணு வாரத்துல நூத்துப் பன்னெண்டு கண்டுபிடிச்சான்மா!”

“அவன் எண்ணினான் சார். இது என்ன வேலை செய்யுதுன்னு நான் பார்த்திருக்கேன்.”

“சரி சரி. நம்ம பன்னெண்டாவது கட்டுரையில கடைசிப் படமா இதைப் போட்டுடலாம். நாப்பத்தேழாம் நம்பர். உன் பேரு மூணாவதா வரும். சந்தோஷம்தானே?”

பெயர் முதலாவதாக இருக்கிற கட்டுரை இல்லாமல் அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் கிடையாது. பட்டத்துக்கு இவர் கையெழுத்து வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தாள்.

“முதலாளி என்ன சொன்னாரு?” என்றாள் அறைத்தோழி. வழிகாட்டிகளை மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வது.

“என் மரத்துக்கு டோக்கன் போட்டுட்டாரு” என்றாள் ருயின்.

அந்த ஏப்ரலில் மாகாணக் குழு ஆய்வுத் திட்டத்தைப் பார்வையிட வந்தது. குடும்பம் எண்ணுகிறவருக்குத் திருவிழா என்றால் இதுதான். தாங் அத்தையின் தோட்டத்து வாசலில் சிவப்புத் துணியில் வாசகம் கட்டி, பதினோரு கட்டுரைகளையும் ஆளுயரச் சுவரொட்டிகளாக நிறுத்தினார் கோங். குழுத் தலைவி லுவான் அம்மையார் காரை விட்டு இறங்கியதும் தோட்டத்துக்குள் விட்டாரா? இல்லை. முதலில் குழுப் படம். முன்வரிசையில் பெரியவர்கள், பின்வரிசையில் மாணவர்கள், எல்லோரும் பல் தெரிய, படமெடுக்கும்போது ‘சீஸ்’ என்பதற்குப் பதிலாக அந்த ஊர் வழக்கப்படி “கத்தரிக்காய்!” என்று கத்தினார்கள். பார்வையிடுவதற்கு முன்பே பார்வையிட்டாயிற்று.

பிறகு சுவரொட்டிகளுக்கு நடுவே உலா வந்தார்கள். தாங் அத்தை ஒன்பதாவது சுவரொட்டியின் முன்னால் நின்றுவிட்டாள். எழுத்துக் கூட்டி உரக்கவே வாசித்தாள்.

“முள்மிளகின் ஆண் பூக்களில் இம்மரபணுக்கள் மிக அதிகமாக இயங்குகின்றன... ஐயா, இது எந்த ஊரு மரம்?”

“உங்க மரம்தான், அத்தை” என்றார் கோங், குழந்தைக்குச் சொல்வதுபோல. “சின்னச் சின்ன நுணுக்கம். உங்களுக்குப் புரியாது.”

“எனக்கு என்ன புரியாது? முப்பத்தாறு வருஷமா இந்த முள்ளுல கையக் கிழிச்சுக்கிட்டு நிக்கிறேன். என் தோட்டத்துல அத்தனையும் பொட்ட மரம். எங்க ஊரு முள்மிளகு ஆம்பளைத் துணை இல்லாமலே காய்க்கும், விதையும் வைக்கும். ஆண் பூ எங்க இருக்கு, காட்டுங்க, நானும் பாக்கிறேன்!”

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊர்ப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கோங் மரங்களைப் பார்த்தார். பதினோரு கட்டுரை எழுதிய மனிதர் அந்த மரத்தை உற்றுப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று அடித்துச் சொல்லலாம்.

“பின்பக்கம்... அந்தச் சரிவுல இருக்கும்” என்றார்.

“பின்பக்கம் எங்க கக்கூஸுதான் இருக்கு” என்றாள் தாங் அத்தை.

லுவான் அம்மையார் சிரிக்கவில்லை. “கோங், இந்த ஆண் பூ எங்கிருந்து வந்தது?”

இனி கவனமாகப் பாருங்கள், இந்த இனத்தின் உண்மையான குணம் இங்கேதான் வெளிப்படும். மாட்டிக்கொண்டால் அது வெட்கப்படாது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும்.

“மாணவர்களோட அவசரம் மேடம். நான் எவ்வளவோ சொல்லியிருக்கேன்” என்று பெருமூச்சு விட்டுத் தலையை லேசாக ருயின் பக்கம் திருப்பினார்.

ருயின் ஆமாம் என்று தலை குனிந்தால் போதும். அவர் கடன்பட்டவர் ஆகிவிடுவார், கையெழுத்து தானாக வரும், ஜூனில் பட்டம், அம்மாவுக்கு நிம்மதி. இத்தனையும் ஒரு தலைகுனிவு தூரத்தில் இருந்தது. அவள் சுவரொட்டியின் மூலையில் அச்சிட்டிருந்த ஆண்டைப் பார்த்தாள்.

“சார், இந்தக் கட்டுரை வந்தப்போ நான் இங்க சேரவே இல்ல. இது உங்க பழைய வால்நட் கட்டுரை. வால்நட்டுக்கு ஆண் பூ உண்டு. நீங்க மரத்தோட பேரை மட்டும் மாத்தினீங்க, பூவை மறந்துட்டீங்க.”

லுவான் அம்மையார் ருயின் பக்கம் திரும்பி, “நீ ஆராய்கிற மரம் எது? காட்டு” என்றார். ருயினும் தாங் அத்தையும் அவரும் மேல்படிக்கு ஏறிப் போனார்கள். கோங் கீழேயே நின்று புகைப்படக்காரனிடம் தன் படம் தெளிவாக விழுந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நியாயம் வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். கோங் பத்திரிகைக்கு இரண்டு வரித் திருத்தம் அனுப்பினார்: ‘ஆண் பூ என்பதைப் பூ என்று வாசிக்கவும், இத்திருத்தம் கட்டுரையின் முடிவுகளைப் பாதிக்காது.’ அவர் எழுதியதிலேயே முழு உண்மை அந்த வாக்கியம் ஒன்றுதான். கட்டுரையில் முடிவு என்று ஏதாவது இருந்தால் அல்லவா பாதிக்க? ருயினுக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. அவள் லுவான் அம்மையார் கைகாட்டிய வேறொரு வழிகாட்டியிடம் போய், இன்னொரு வசந்தம் பனியில் நின்று, பூ எண்ணி, ஒரே ஒரு மரபணுவோடு ஒரு வருஷம் தாமதமாகப் பட்டம் வாங்கினாள். அவளுடைய மரத்திலிருந்து வெட்டிய ஒட்டுக்குச்சிகள் இப்போது தாங் அத்தையின் மூன்று படிகளில் துளிர்த்திருக்கின்றன. அதே வருஷம் கோங்குக்கு முதுநிலைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. தேர்வுக்குழு கட்டுரைகளை வாசிக்கவில்லை. எண்ணியது.

இதைப் படித்ததும் உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் முகம் கண்ணில் வந்திருக்கும், சிரித்திருப்பீர்கள். கோங்கும் சிரித்தார். பெயரையும் ஊரையும் மாற்றி அவரிடமே இந்தக் கதையைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, “எங்க துறையிலேயே இந்த மாதிரி ஆறு பேர் இருக்காங்க” என்று விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். நீங்கள் எத்தனை பேரை எண்ணினீர்கள்? உங்களைச் சேர்த்தா, சேர்க்காமலா?