முத்திரை காலாவதியான தராசு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவது வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை பேனா அந்த இடத்துக்கு வந்ததும் சண்டிமாடு மாதிரி நின்றுவிட்டது. ஆகையால் அந்த வரியைத் தாண்டி மேலே போகிறேன், மன்னிக்கவும். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். உங்கள் 'ஹலோ'வைக் கேட்டதும் வேறு எதையாவது உளறிவிட்டு வைத்துவிடுகிறேன். போன வாரம் கூப்பிட்டு, 'ஒண்ணுமில்ல மச்சான், கை தவறிப் பட்டுடுச்சு' என்று வைத்தேனே, அது கை தவறிப் பட்டதல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கைக்கு இரைப்பையில் கட்டி. புற்று என்கிறார்கள். எழுதிவிட்டேன். கொஞ்ச நாளாகவே நாலு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை என்றாள். நான் ஓய்வு பெற்றதிலிருந்து சமையல் என் பொறுப்பு, ஆகவே அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் ஒரு டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே கிள்ளி எடுத்த துணுக்கைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த அன்று எங்கள் இருவரையும் உட்கார வைத்து, 'சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லதுங்க. முதல்ல மருந்து ஏத்திக் கட்டியைச் சுருக்கலாம், அப்புறம் ஆபரேஷன்' என்றார். அவள், 'சரிங்க டாக்டர்' என்றாள், ஏதோ ரவிக்கை தைக்க அளவு கொடுத்த மாதிரி. நான்தான், 'இதை இன்னொரு மிஷின்ல போட்டுப் பாத்தீங்களா?' என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவள் எழுந்து, 'வாங்க போலாம்' என்றாள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். ஒரு தராசு சொன்னதை நான் என்றைக்கும் நம்பியதில்லை. இன்னொன்றில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு. கடைத்தெருவில் எனக்கு 'ரெண்டு தராசு' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள், முகத்துக்கு எதிரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'ரெண்டு தராசு'. அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலில் நிறுத்தவர் கண்ட எடை, இரண்டாவது நிறுப்பவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அவர் கண் அந்த எண்ணுக்கே போகும். ஆகவே இரண்டாவது டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட், படம், சீட்டு எல்லாவற்றையும் வீட்டுப் பீரோவில் பூட்டிவிட்டு, 'நீ வாயைத் திறக்காதே' என்று உங்கள் தங்கைக்கும் சொல்லி அழைத்துப்போனேன்.

இவர் ரொம்பப் பெரிய டாக்டர். பார்க்கக் காத்திருந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு அங்கேயே நரை விழுந்திருக்கும். உள்ளே போனதும், 'சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?' என்றார். அவள் என்னைப் பார்த்தாள். 'அதை நீங்கதான் சொல்லணும்' என்றேன். 'பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?' 'இருக்கு, ஆனா உங்களுக்குக் காட்டறதா இல்லை.' 'ஐயா, இது ஆஸ்பத்திரி, ஜோசியம் இல்லை' என்றார். 'எங்க வலிக்குதும்மா?' என்று அவளிடமே கேட்டார். 'அவ சொல்ல மாட்டா' என்றேன். அவ்வளவுதான் மச்சான், மனுஷன் முகம் மாறிவிட்டது. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு நர்சம்மாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே என்ன கேட்டாராம் தெரியுமா? 'பயப்படாம சொல்லுங்கம்மா, அவர் உங்களை அடிக்கிறாரா?' இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். சிரித்து முடித்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். இவ்வளவு சிரிக்கிறாளே, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, முன்பின் தெரியாத பக்கத்து ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பாவம், அவரும் குலுக்கினார்.

ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அந்தத் துணுக்கையும் முதல் டாக்டரிடமிருந்து வரவழைத்து, தன் ஆட்களை வைத்து மறுபடி பார்த்தார். அதே கட்டி. அதே பெயர். அதே மருந்து. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இரண்டு தராசும் ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அது என் சட்டம். எத்தனை கடைக்காரர்கள் என் கையைப் பிடித்திருப்பார்கள், 'சார், இன்னொண்ணுல போட்டுப் பாருங்க சார்' என்று! 'மூணாவது தராசுன்னு ஒண்ணு கிடையாதுய்யா' என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவேன். இப்போது அந்தக் கடைக்காரர்கள் எல்லோரும் வரிசையாக என் கண் முன்னால் வந்து நிற்கிறார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது மச்சான். அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்றுகூட எனக்கு இன்னும் தெரியாது. சமைக்கும்போது அவள் கூடத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள், நான் எடுத்துப் போடுவேன்.

ஆனால் கடவுள் ஒரு கதவைத் திறந்தார். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சம்மா இவளைத் தராசில் ஏற்றி எடை எழுதினாள். அன்று காலை வீட்டில் பார்த்ததற்கு முழுசாக இரண்டு கிலோ குறைவு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, தராசைச் சாய்த்து அடியில் பார்த்தால், முத்திரை காலாவதி. நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் வந்துவிட்டார். தராசே ஒழுங்காக இல்லாத இடத்தில் நோய் மட்டும் ஒழுங்காக இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்! எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு தராசு. தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் இரண்டிலும் அவளை ஏற்றிப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் ஒரே ஒரு நாள் குறைந்து காட்டியது. மறுநாளே பழையபடி ஆகிவிட்டது. அதிலிருந்து ஒரு குந்துமணி குறையவில்லை. புற்று வந்த உடம்பு கரையும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? இவள் உடம்பு கரையவில்லை. கன்னம் ஒட்டியிருக்கிறதே, வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறதே என்றால், அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். கண் ஒரு தராசா? கண்ணை நம்பித் தொழில் செய்திருந்தால் ஊரையே விற்றிருப்பார்கள்.

எந்த விஷயத்திலும் எனக்கு நிம்மதி இல்லை. ஓய்வு பெற்றபோது ஆபீசில் கொடுத்தார்களே, மரப்பெட்டியில் பித்தளை எடைக்கற்கள், அதைக்கூட விட்டுவைக்க மாட்டேன் என்கிறார்கள். ஒரு கிலோவின் குழியில் அரைக் கிலோ உட்கார்ந்திருக்கிறது, பளபள என்றிருந்த கல் மேலெல்லாம் கைரேகை. வீடு கூட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். 'உங்க கல்லை வெச்சு நான் என்னய்யா பண்ணப்போறேன், அம்மி கொத்தவா?' என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். உங்கள் தங்கைதான் தெருமுனை வரைக்கும் ஓடிச் சமாதானம் செய்து கூட்டிவந்தாள். புற்று வந்தவள் தெருவில் ஓடுவாளா மச்சான்? வந்து அரை மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது வேறு.

ஆகவே என் முடிவு இதுதான். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்கிறார்கள். நான் தள்ளிப்போடச் சொல்லப்போகிறேன். தாங்கள் அங்கே விசாரித்து, நல்ல மூன்றாவது டாக்டர் ஒருவரைப் பார்த்து வைக்கவும். நோயைப் பற்றி அவரிடம் மூச்சு விட வேண்டாம். இங்கே இவளிடம் சொன்னேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுப் போனாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கட்டாயம் செய்யுங்கள் மச்சான். உங்களை விட்டால் எனக்கு ஆள் கிடையாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் இருவருடைய ஆசிகள். இருவருடைய என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், எழுத்துக் கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தபால்தலை உங்கள் தங்கையிடம்தான் இருக்கிறது, ஆகவே ஒட்டாமல் அவளிடமே கொடுக்கிறேன். படிக்க மாட்டாள். என் கடிதம் முதல் பக்கம் தாண்டுவதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிடுமாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ரெண்டு தராசு

பி.கு: அண்ணா, இது நான். படித்துவிட்டேன். இந்தத் தடவை தூக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரித் தராசு சரிதான். வீட்டுத் தராசு ரெண்டும்கூடச் சரிதான். பொய் சொல்வது நான். முதல் நாள் எடை குறைந்ததைப் பார்த்துவிட்டு மனுஷன் அன்றைக்கெல்லாம் பச்சைத் தண்ணி பல்லில் படாமல் கிடந்தார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார், எனக்குக் கேட்காதாம். மறுநாள் அந்தப் பெட்டியிலிருந்து அரைக் கிலோ கல்லை எடுத்துத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு ஏறினேன். 'பாத்தியா, ஏறிடுச்சு!' என்று துள்ளினார். உட்கார்ந்து ரெண்டு தட்டுச் சாப்பிட்டார். அப்புறம் ஒரு கிலோ ஆச்சு. இப்போது ரெண்டு. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்கள் வீட்டில் என் மடியில் கனம் இருந்தால்தான் அவருக்குப் பயம் இல்லை.

அவர் சாப்பிட வேண்டும் என்று செய்தேன். இப்போது அதையே சாட்சியாக வைத்து என் வைத்தியத்தை நிறுத்தப் பார்க்கிறார். எனக்கு உயிரோட இருக்கணும் அண்ணா. சேருகிறேன் என்று டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன். நீ மூன்றாவது டாக்டரையெல்லாம் தேடாதே, கிளம்பி வா. நீ வந்த மறுநாள் காலை நான் கல் இல்லாமல் ஏறுகிறேன். அப்போது அவரைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேணும், நான் தராசு மேலே நின்றுகொண்டிருப்பேன்.

சீக்கிரம் வா. பெட்டியில் அடுத்த கல் அஞ்சு கிலோ. அதைத் தூக்க எனக்குத் தெம்பில்லை.