காலையில் கிடைத்த தம்பி

அறையில் இருந்தவர்கள் மூவர். மேசைக்கு அந்தப்புறம் நர்ஸம்மா. இந்தப்புறம், கதவோரம் சாவிக்காரர். ஜன்னலோரம் அவருடைய உடன்பிறந்த தம்பி. நடுநாற்காலியில் சாவிக்காரரின் பை உட்கார்ந்திருந்தது.

தம்பி அன்று காலையில்தான் கிடைத்திருந்தார்.

போன வாரம் சாவிக்காரர் தனியாக வந்தபோது, "வீட்டாளு யாராவது வந்து எல்லாத்தையும் கேட்டுக்கணும். அப்புறம்தான் மருந்து ஏத்துவோம்" என்று நர்ஸம்மா திருப்பி அனுப்பிவிட்டார். ஊரில் பாதிக் கதவுகளுக்குச் சாவி செய்தவர். அவர் கதவைத் தட்டத்தான் ஆளில்லை. கடல்கடந்து இருக்கும் மகளுக்கு மாதம் ஒரு கடிதம் போடுவார். அதை வாங்கும் கூரியர்காரரிடம்தான் கொஞ்சம் பேச்சு. தம்பியாக வர முடியுமா என்று அவரைக் கேட்டார். மனிதர் யோசிக்கக்கூட இல்லை; கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்.

"தம்பியா? உங்களைவிட மூத்தவரா தெரியறாரே?" என்றார் நர்ஸம்மா.

"என்னை நினைச்சு நினைச்சே நரைச்சுட்டான்மா."

"அம்மா பேர்?"

இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள்.

"அது வீட்டுல கூப்பிடறது" என்றார் சாவிக்காரர் அவசரமாக.

நர்ஸம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சரி, மருந்து ஏத்தினப்புறம் காய்ச்சல் வந்தா?"

"ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் போர்த்திப் படுத்துடுவேன்."

"ஐயையோ! அதான் கூடாது!" என்று பதறினார் தம்பி. "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருக்கும்ணே. எந்நேரமா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்."

"இப்படி ஒரு தம்பி இருக்கும்போது போன வாரம் ஏன் தனியா வந்தீங்க?"

"கோவிச்சுக்கிட்டு இருந்தான்மா."

"குடும்பத்துல வேற யாருக்காவது புற்றுநோய் உண்டா?"

"இல்லை" என்றார் அண்ணன்.

"உண்டு" என்றார் தம்பி.

பேனா நின்றது. சாவிக்காரர் இழுத்தார்: "பெரியப்பாவுக்கு... லேசா."

"லேசாவா? எதுக்கும் தம்பிக்கும் ஒரு சோதனை எடுத்துடுவோம்."

இல்லாத பெரியப்பாவால் இருக்கிற தம்பிக்கு வந்தது வினை. தம்பியின் முகம் வெளிறியது. ஆனாலும் நாளைக்கு மருந்து ஏற்றலாம் என்று நர்ஸம்மா கையெழுத்துப் போட்டார்.

திரும்பியதும் கூரியர்காரர் கடையைத் திறந்தார். சாவிக்காரர் கவுண்டரில் நின்றபடியே மகளுக்கு எழுதினார்: 'நான் நலம். குழந்தைக்குப் பல் முளைத்ததா?'

"உள்ளதைச் சொல்லக்கூடாதாண்ணே?"

"கைக்குழந்தைக்காரி. அவளைப் போட்டு ஏன் அலைக்கழிக்கணும்? நீதான் இருக்கியே."

கூரியர்காரர் உறைக்குப் பசை தடவி, ஓரத்தை விரலால் நீவி, முத்திரை குத்திப் பைக்குள் போட்டார். வாசலில் காத்திருந்த வண்டி பையை ஏற்றிக்கொண்டு போனது.

"நர்ஸம்மா சொன்ன சோதனை எனக்குப் போன மாசமே எடுத்தாச்சுண்ணே" என்றார் அவர், பசை விரலைத் துடைத்தபடி. "நான் போற ஆஸ்பத்திரியிலயும் தனியா போனா மருந்து ஏத்தாம திருப்பி அனுப்பிடறாங்க. வியாழக்கிழமை எனக்கு அண்ணனா வர்றீங்களா?"